நகரப் பெருக்கமும் நன்னீர்க் கவலையும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கல்வி, தொழில், திருமணம், தருமம் ஆகியவற்றைப் பற்றியே இம்மேடையில் இதுகாறும் பெரிதும் பேசப்பட்டு வந்திருக்கிறது. இன்றோ தண்ணீரைப் பற்றிப் பேசும்படி நம்மைப் பணித்திருக்கிறார்கள். நாம் பொறியியல் வல்லுநர் அல்லோம். எனினும் நகரத்தில் வீடு கட்டி வாழ்வோர் யாவரும் அறிந்திருக்கவேண்டிய சில செய்திகளைத் தொகுத்துச் சொல்ல முயல்வோம்.

இப்பொருளை இன்று எடுத்துக்கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. சென்னையின் தென்புறத்தே நிலம் வாங்கி, அதனை மனைகளாகப் பிரித்து, நம் சமூகத்து இளங்குடும்பங்கள் சொந்த வீட்டில் வாழ வழிசெய்ய வேண்டுமென்று நம் சங்கம் எண்ணியிருக்கிறது. எண்ணம் உயர்ந்தது. ஆனால் மனைக்கு விலை கேட்டோம். சாலை உண்டா என்று கேட்டோம். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்டோம். அங்கே குடியேறப் போகும் மக்கள் எந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள் என்று இன்னும் கேட்கவில்லை. அக்கேள்வியைக் கேட்பதே இப்பேச்சின் நோக்கம்.

சென்னை தண்ணீர் தேடிய வரலாறு

சென்னை கடற்கரையிலே தோன்றிய நகரம். பெரிய வற்றாத ஆறு ஒன்றும் அதன் நடுவே ஓடவில்லை. கூவமும் அடையாறும் மழைக்காலத்து ஆறுகள். தொடக்கத்தில் மக்கள் வீட்டுக் கிணறுகளையும் கோயிற் குளங்களையும் நம்பி வாழ்ந்தனர். கோட்டைக்கு நீர் கொண்டுசெல்வதற்காக 1772-ஆம் ஆண்டில் கிணறுகள் தோண்டப்பட்டன. ஏழுகிணறு என்ற பெயர் இன்றும் அதனை நினைவூட்டுகிறது. பிறகு நகரம் வளர்ந்தது; கிணறுகள் போதவில்லை. செங்குன்றத்து ஏரி நீரை 1872-ஆம் ஆண்டில் திறந்த வாய்க்கால் வழியே கீழ்ப்பாக்கத்திற்குக் கொண்டுவந்தார்கள். 1914-ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்தன. நீர் தெளிந்து குழாயில் வரத் தொடங்கியது.

அதுவும் போதாத காலம் வந்தது. சத்தியமூர்த்தி அவர்கள் சென்னை மேயராக இருந்தபோது பெருமுயற்சி செய்து, கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்ட 1940-ஆம் ஆண்டில் அடிகோலினார். வேலை 1944-ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதற்கு முந்திய ஆண்டிலேயே அவர் காலமாகிவிட்டார். தாம் குடியாத தண்ணீருக்காகப் பாடுபட்ட அப்பெரியார் பெயரையே அந்நீர்த்தேக்கம் இன்றும் தாங்கி நிற்கிறது.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கிச் சொல்வோம். 1983-ஆம் ஆண்டில் ஆந்திரத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் கிருஷ்ணை நீர் 1996-ஆம் ஆண்டில் பூண்டி வந்து சேர்ந்தது. சோழர் காலத்து வீராணம் ஏரியிலிருந்து ஏறக்குறைய 230 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியே 2004-ஆம் ஆண்டு முதல் நீர் வருகிறது. 2010-ஆம் ஆண்டில் மீஞ்சூரிலும், 2013-ஆம் ஆண்டில் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் அமைந்தன. நெம்மேலியில் இரண்டாவது நிலையம் 2024-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறியவேண்டுவது யாது? ஒவ்வொரு தலைமுறையிலும் நகரம் வளர்ந்த பிறகே நீரைத் தேடினார்கள். ஒவ்வொரு முறையும் முன்னிலும் தொலைவான இடத்திலே தேடினார்கள். முதலில் வீட்டு முற்றம்; அடுத்துச் செங்குன்றம்; அடுத்துப் பூண்டி; அடுத்துக் கிருஷ்ணை; அடுத்துக் காவிரிக் கடைமடை; இறுதியிற் கடல். கடலுக்கு அப்பால் தேடுவதற்கு இடமில்லை. அக்கடல் நீரும் சும்மா வருவதன்று. ஆயிரம் லிட்டரை நன்னீராக்க மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது.

இருப்பு எவ்வளவு?

குடும்பம் நடத்துவோர் வரவறிந்து செலவு செய்வர். நகரத்தின் நீர்க்கணக்கையும் அவ்வாறே பார்ப்போம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்னும் நான்கு ஏரிகளும் முழுவதும் நிரம்பினால் அவற்றிற் கொள்ளும் நீர் 1,125 கோடி கன அடிக்குச் சற்று மேல். 2020-ஆம் ஆண்டில் திறந்த கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகைத் தேக்கம் இதனோடு 50 கோடி கன அடியைச் சேர்த்தது. நான்கு ஏரிகளின் நீரை லிட்டரிற் சொன்னால் ஏறக்குறைய 31,900 கோடி லிட்டர். அண்மை ஆண்டுகளில் நகரத்திற்கு நாளொன்றுக்கு வழங்கப்படுவது சுமார் 100 கோடி லிட்டர். ஆகவே ஏரிகள் நிரம்பி வழிந்தாலும், வேறு நீர்வரவு இல்லையெனில், ஓர் ஆண்டுக்கும் போதா. கோடைவெயில் குடிப்பதைக் கழித்தால் இன்னும் குறைவே. ஓர் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் நகரம் தவிக்கும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

2019-ஆம் ஆண்டில் அதனை நாம் கண்ணாற் கண்டோம். நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. ஜூலைத் திங்களில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேறித் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். ஆனால் நூறு கோடியிலே அது நானூற்றில் ஒரு பங்கே. பெண்கள் இரவெல்லாம் குடங்களோடு விழித்திருந்ததை நாம் மறந்துவிடலாகாது.

ஒரு கிரவுண்டின் கணக்கு

இனி வீடு கட்டுவோர் அனைவரும் மனத்திற் கொள்ளவேண்டிய ஒரு சிறு கணக்கைக் கூறுவோம். பென்சில் வைத்திருப்போர் குறித்துக்கொள்ளலாம்.

ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதாவது ஏறக்குறைய 223 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டு ஒன்றுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆகவே ஒரு கிரவுண்டின் மேல் ஆண்டில் விழும் மழை சுமார் 3,12,000 லிட்டர். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வேண்டுமென்பது அரசினர் வகுத்த அளவு. ஒரு கிரவுண்டில் வீடு கட்டி ஆறு பேர் வாழ்ந்தால் அவர்களுக்கு ஆண்டுக்கு வேண்டுவது 2,95,650 லிட்டர். பாருங்கள்! வானம் அந்த மனையிற் கொட்டுவதும், அந்தக் குடும்பம் செலவிடுவதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றன. தோட்டமும் கிணறும் உடைய பழைய வீடுகளிலே தண்ணீர்க் கவலை குறைவாக இருந்ததன் மருமம் இதுவே.

அவ்வீட்டை இடித்துவிட்டு அதே கிரவுண்டிற் பன்னிரண்டு குடியிருப்புகள் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். வீட்டிற்கு நால்வராக 48 பேர். அவர்களுக்கு நாளொன்றுக்கு 6,480 லிட்டர். ஆண்டுக்கு 23,65,000 லிட்டருக்கு மேல் வேண்டும். மழையோ பழைய 3,12,000 லிட்டர்தான். தேவை வரவைப்போல் ஏழரை மடங்காகிவிட்டது. அதோடு நில்லாமல், தோட்டம் இருந்த இடத்திற் கார் நிறுத்தச் சிமெண்டு பூசிவிட்டோம். பெய்த மழையும் மண்ணுக்குள் இறங்காமல் தெருவுக்கு ஓடுகிறது. எடுப்பது ஏழரை மடங்கு. இடுவதோ முன்னினும் குறைவு. இந்த வாணிகம் எத்தனை நாள் நடக்கும்?

எஞ்சிய ஆறரை மடங்கு எங்கிருந்து வருகிறது? குழாய் நீர் போதாத இடத்தில் ஆழ்துளைக் கிணறு. அது வற்றினால் இன்னும் ஆழமான கிணறு. அதுவும் வற்றினால் லாரி. லாரித் தண்ணீர் ஆகாயத்தினின்று இறங்குவதன்று. அக்கம்பக்கத்துச் சிற்றூர்களின் வயற்கிணறுகளிலிருந்து இறைக்கப்படுவது. நகரத்து வீட்டின் தொட்டி நிரம்பும்போது ஏதோ ஓர் ஊரிலே ஒரு குடியானவனின் கிணறு தாழ்கிறது. நம் சமூகத்தாரிலும் லாரித் தொழில் செய்வோர் உண்டு. அவர்கள் உழைப்பைப் பழிப்பது நம் கருத்தன்று. பஞ்சகாலத்தில் அவர்களே பல தெருக்களின் தாகம் தீர்த்தனர். ஆனால் பஞ்சத்திற்கு ஏற்ற மருந்தை நித்திய உணவாக்கிக் கொள்ளலாகாது.

கடலோரத்தில் அளவிறந்து இறைத்தால் வேறொரு தீங்கும் உண்டு. நிலத்தடியில் நன்னீர் தாழுமிடத்தில் கடல்நீர் உள்ளே ஏறும். மீஞ்சூர்ப் பக்கத்தில் இது நிகழ்ந்து பல கிணறுகள் உவர்த்துப் போயின. ஒருமுறை உவர்த்த நிலத்தடி நீரை மீட்பது தலைமுறைகளின் வேலை. 1987-ஆம் ஆண்டில் சென்னை வட்டாரத்து நிலத்தடி நீரைக் காக்கச் சட்டம் இயற்றப்பட்டதும் இத்தகைய அச்சம் பற்றியே.

ஏரிகளுக்கு நேர்ந்த கதி

செங்கற்பட்டுச் சீமையை ஏரிகளின் நாடு என்பர். நம் முன்னோர் ஏரிகளைத் தனித்தனியே வெட்டவில்லை, தொடராக அமைத்தனர். மேலேரி நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து, போக்குக்காலில் ஓடிக் கீழேரியை நிரப்பும். அது அடுத்த ஏரியை நிரப்பும். ஊரார் கூடிக் குடிமராமத்துச் செய்து கரையையும் மதகையும் வரத்துக்காலையும் காத்தனர்.

நகரம் பெருகி வயல்கள் மனைகளானபோது, பாசனம் இல்லையாயிற்று. பாசனம் இல்லாத ஏரிக்கு உடையவனும் இல்லையாயினான். அடுத்து ஏரியே மனையாயிற்று. இது நேற்றுத் தொடங்கிய வழக்கமன்று. 1920-களில் மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்தே தியாகராய நகரம் எழுந்தது. நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்திலேதான் 1976-ஆம் ஆண்டில் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. வேளச்சேரி ஏரியில் ஒரு சிறு பகுதியே எஞ்சியிருக்கிறது. மழைநீரைக் கடற்பஞ்சுபோல் உறிஞ்சி வைத்த பள்ளிக்கரணைச் சதுப்பும் பெரிதும் சுருங்கிவிட்டது. 2022-ஆம் ஆண்டில் அது ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது எஞ்சியதையேனும் காக்கும் என்று நம்புவோம்.

இதன் பயன் இருதலைத் துன்பம். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் வேளச்சேரி, முடிச்சூர் முதலிய இடங்களில் வெள்ளம் வீடு புகுந்தது. நாலாண்டு கழியுமுன் அதே நகரத்திற்கு ரயிலிலே தண்ணீர் வந்தது. தேக்கிவைக்க இடமிருந்தால் அந்த வெள்ளமே இந்த வறட்சிக்கு உணவாகியிருக்குமன்றோ? நீர் நின்ற இடத்தில் நாம் நின்றால், நீர் நம் வீட்டில் வந்து நிற்கும்.

எதிர்வாதம் ஒன்று

இங்கே ஒரு சிலர் கேட்கலாம்: “ஊர்தோறும் பிள்ளைகள் பிழைப்புத் தேடி நகரம் வருகிறார்கள். வாடகை சம்பளத்தில் பாதியை விழுங்குகிறது. இந்நிலையில் வீடு கட்டாதே என்று சொல்வது முன்னே வீடு கட்டிக்கொண்டவர்களுக்கு எளிதல்லவா?” இவ்வாதம் நியாயமானதே. வீடு கட்டவேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சென்னை மாநகராட்சியின் எல்லை 2011-ஆம் ஆண்டில் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. இவ்விரிவை எவரும் திருப்ப இயலாது. மக்கள் நெருங்கி வாழ்வதிலும் தீமையில்லை. ஒரே குழாய் பலருக்கு உதவுமாதலின் அதிற் சிக்கனமும் உண்டு. கணக்குப் பாராமற் கட்டாதே என்பதே நம் வேண்டுகோள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பர். ஆறே இல்லாத ஊரில் அளவாமற் செலவிடலாமா?

“தண்ணீர் தருவது அரசினர் கடமையல்லவா?” என்று மற்றொருவர் கேட்கலாம். கடமைதான். 1978-ஆம் ஆண்டு முதல் அதற்கெனவே ஒரு வாரியம் இருக்கிறது. புதிய குடியிருப்புக்கு அனுமதி கொடுக்குமுன் அங்கே நீரும் கழிவுநீர்க் குழாயும் எப்போது வரும் என்று அரசினர் காலங்குறித்துச் சொல்லவேண்டுமென நாம் வற்புறுத்துவோம். வீடு முதலில், தண்ணீர் பிறகு என்ற முறை மாறவேண்டும். ஆயினும் அரசினர் ஏரி வெட்டலாம், குழாய் போடலாம். நம் கூரைமேல் விழும் மழையை நாமே அன்றோ காக்கவேண்டும்?

நாம் செய்யவேண்டுவன

முதலாவது, நிலத்தின் பிறப்பை ஆராயவேண்டும். வில்லங்கச் சான்றுமட்டும் பார்த்து மனநிறைவு கொள்ளலாகாது. கிராமக் கணக்கில் அந்நிலம் எவ்வாறு வகைப்படுத்தப்பட்டிருக்கிறது, பழைய வரைபடத்தில் அதனூடே வாய்க்கால் ஓடுகிறதா, மேலேரியின் போக்குக்கால் எங்கே செல்கிறது என்று பார்க்கவேண்டும். ஊர்ப் பெரியவர்களை மழைக்காலத்தில் எங்கே நீர் நிற்கும் என்று கேட்கவேண்டும். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யலாகாதென்று 2016-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் தடை விதித்தபோது, மலிவென்று வாங்கியோர் பட்ட துன்பம் நமக்குப் பாடமாகட்டும். ஏரியை ஒட்டிய மனை விலை மலிவாயிருந்தால், அம்மலிவின் மிச்சத்தை வெள்ளம் ஒருநாள் வந்து வாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது, மழைநீர்ச் சேமிப்பு. 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாடெங்கும் ஒவ்வொரு கட்டடத்திற்கும் இது கட்டாயமாக்கப்பட்டது. அதனாற் பல இடங்களில் கிணற்றுநீர் ஏறியது, உவர்ப்புத் தணிந்தது. ஆனால் அமைத்ததோடு மறந்தவர் பலர். சருகு அடைத்த குழாயும் சேறு படிந்த குழியும் சட்டத்திற்கு விடையாகுமே தவிர, தாகத்திற்கு விடையாகா. ஆண்டுதோறும் புரட்டாசித் திங்களிற் கூரையைக் கூட்டி, வடிகட்டும் மணலையும் கல்லையும் கழுவவேண்டும். மணற்பாங்கான கடலோரத்தில் சிறு குழியே போதும். களிமண்ணிலும் பாறையிலும் ஆழமான உறைக்கிணறு வேண்டும். 100 சதுர மீட்டர்க் கூரையில் வீணாவது போகப் பத்தில் எட்டுப் பங்கு பிடித்தாலும் ஆண்டுக்கு 1,12,000 லிட்டர் கிடைக்கும்.

மூன்றாவது, ஒரே நீரை இருமுறை ஆளுதல். 135 லிட்டரில் 45 லிட்டர் கழிப்பிடத்திற்கே போகிறது. அதற்குக் குடிநீர் எதற்கு? குளித்த நீரையும் துவைத்த நீரையும் தனிக்குழாயிற் பிடித்துத் தெளியவைத்தால் கழிப்பிடத்திற்கும் மரத்திற்கும் ஆகும். கட்டும்போதே இரட்டைக் குழாய் போட்டுவிட்டாற் செலவு சிறிது. பின்னர் சுவரை இடித்துப் போடுவது பெருஞ்செலவு. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரைச் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். தொழிற்சாலை செய்வதைக் குடியிருப்புச் செய்யலாகாதா?

நான்காவது, அளவி. ஒவ்வொரு வீட்டிற்கும் தனித்தனி நீரளவி வைத்து, செலவிட்டதற்கேற்பப் பணம் வாங்கவேண்டும். மூவர் வாழும் வீடும் எழுவர் வாழும் வீடும் ஒரே கட்டணம் கொடுக்கும் இடத்தில் சிக்கனத்திற்கு மதிப்பில்லை. ஒழுகும் குழாயைத் திருத்துவாரும் இல்லை. ஆளுக்கொரு ஆழ்துளைக் கிணறு தோண்டி ஒருவர் நீரை மற்றவர் இழுப்பதை விடுத்து, குடியிருப்பு முழுமைக்கும் பொதுக்கிணறு வைத்து, அதன் மட்டத்தைத் திங்கள்தோறும் அளந்து பலகையில் எழுதி வைக்கவேண்டும். எழுதி வைத்ததைக் கண்டால் சிறுவரும் குழாயை மூடுவர்.

ஐந்தாவதும் இன்றியமையாததும் ஆகும் ஒன்றைச் சொல்லி முடிப்போம். நாம் குடியேறும் இடத்திற்கு அருகே முன்னமே ஓர் ஊர் இருக்கும். அங்கே உழுது வாழ்வோரும், நாட்கூலி செய்வோரும், நமக்கு முன்பே அந்த ஏரியை நம்பி இருப்பார்கள். கிணற்றடியிலே சாதி பார்த்து மக்களைத் தள்ளி நிறுத்திய இழிவு இந்நாட்டில் நெடுங்காலம் இருந்தது. மோட்டாரின் வலிமையால் ஏழையின் கிணற்றை வற்றச்செய்வது அதே இழிவின் புது வடிவமாகும். கயிற்றைத் தொடாதே என்று சொல்வதற்கும், கயிறு எட்டாத ஆழத்திற்கு நீரைத் தாழ்த்துவதற்கும் விளைவில் வேறுபாடு யாது? ஆதலால் நம் குடியிருப்பு எழுமானால், அவ்வூர் ஏரியின் கரையையும் வரத்துக்காலையும் அவ்வூராரோடு கூடிச் செப்பனிடும் பொறுப்பையும் நம் சங்கம் ஏற்கவேண்டும். மனையின் விலையில் ஒரு சிறு பகுதியை ஏரி நிதியென்று ஒதுக்கினால் அது செலவன்று. நம் பேரப்பிள்ளைகளின் பெயரிற் போட்ட வைப்புத்தொகை.

தலைவர் அவர்களே! இவ்வைந்தையும் நிபந்தனைகளாக எழுதி, நிலம் வாங்கும் தீர்மானத்தோடு இணைத்து நிறைவேற்றவேண்டுமென்று வேண்டிக்கொள்கிறோம். இந்நிபந்தனைகளுக்கு உட்படாத நிலம் எவ்வளவு மலிவாயினும், எத்துணைப் பெரியவர் சிபாரிசு செய்யினும், அதனை நாம் விட்டுவிடவேண்டும். ஓராண்டு தாமதமானால் வாடகைதான் நட்டம். தண்ணீரில்லாத இடத்திற் கட்டிவிட்டால் வீடே நட்டம். வெள்ளம் வருமுன் அணை போடுவதும், தாகம் எடுக்குமுன் கிணறு தோண்டுவதும் அறிவுடையோர் செயல்.